மாடிப்படி வழியே போகும் காற்று

நாஞ்சில் நாட்டில் புதிதாக வீடு கட்டுகிறவர் அஸ்திவாரம் தோண்டும் முன்பே இன்று ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஸ்பிளிட் ஏ.சி. மாட்டுவதா, அல்லது ஒரே இயந்திரத்தை ஓரிடத்தில் வைத்து, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் எனப்படும் காற்றுக்குழாய் ஓட்டி, வீடு முழுக்கக் குளிர்காற்றைக் கொண்டுபோவதா? டக்ட் என்றால் ஜி.ஐ. தகடா, வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸிபிள் குழாயா, நுரைப்பலகையில் செய்ததா? வார்ப்பு போட்ட பிறகு பீமில் துளை போட முடியாது என்பதால் முன்கூட்டியே யோசிப்பது நல்லதுதான். ஆனால் எந்தக் குழாய் என்று தேடும் முன், இந்த மண்ணில் ஒரு வீட்டுக்குக் குழாய் எதற்கு என்று கேட்டாக வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்து வீட்டுக்குத் தேவையான பெரிய காற்றுக்குழாய் ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கிறது. அதன் பெயர் மாடிப்படி. அதைக் காற்றுக்குத் திறந்துவிட்டு, மொட்டைமாடியின் சூட்டையும் தடுத்துவிட்டால், இயந்திரக் குளிர் ஓரிரு படுக்கையறைக்கு மட்டும் போதும். அதற்கு டக்ட் வேண்டியதில்லை.

டக்ட் பிறந்த கதையிலிருந்து தொடங்கலாம். வீடு முழுக்கக் குழாய் ஓட்டும் வழக்கம் குளிர்நாட்டுத் தேவையிலிருந்து வந்தது. வட அமெரிக்காவில் நிலத்தடி அறையில் உலை வைத்து, அங்கே சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக மேலே உள்ள அறைகளுக்கு ஏற்றினார்கள். முதலில் சூடான காற்று தானாகவே மேலே போனது. பிறகு விசிறி வைத்துத் தள்ளினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குளிர்சாதனம் வீடுகளுக்குப் பரவியபோது, குழாய் ஏற்கெனவே இருந்ததால் குளிர்ச்சுருளை அந்த உலையின் தலையிலேயே பொருத்தினார்கள். அதாவது, அந்த வீடுகளில் குளிர்காற்று ஓடுவது குளிர்காலத்துக்காகப் போட்ட பாதையில். நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கே இருக்கிறது. சமவெளியில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே வீட்டைச் சூடாக்கும் தேவை அறவே இல்லை. ஆகவே டக்ட் வாங்குவதற்கான காரணங்களில் மூத்த காரணம் ஆரம்பத்திலேயே கழன்றுவிடுகிறது. எஞ்சுவது குளிர்விப்பது மட்டும்.

அந்தக் குளிர்விப்பிலும் நம் ஊரின் சிக்கல் வேலூர், திருச்சியின் சிக்கலிலிருந்து வேறுபட்டது. அங்கே சித்திரை வெயிலில் காற்று 40 டிகிரியைத் தொடுகிறது. மனிதத் தோலின் வெப்பம் 34 டிகிரி அளவில் இருப்பதால், 40 டிகிரிக் காற்று மேலே பட்டால் அது உடம்புக்கு வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டும்; ஜன்னலைச் சாத்துவதே அங்கே புத்திசாலித்தனம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பகல் உச்சம் பெரும்பாலும் 30 முதல் 34 டிகிரிக்குள் நின்றுவிடும். ஆகவே வீசும் காற்று ஏறக்குறைய எப்போதும் தோலைவிடக் குளிர்ந்ததுதான். இங்கே நம்மை வாட்டுவது ஈரம், புழுக்கம். வியர்வை உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை தோலிலேயே தேங்கி நிற்கும். அந்த நிலையிலும் தோலை ஒட்டிய ஈரக்காற்றை நகர்த்திவிட்டால் உலர்தல் மறுபடி தொடங்கும். விசிறி அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. நாம் சுகம் உணர்வது இந்த உலர்தலால்தான். நொடிக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் காற்று அசைந்தால், வெப்பம் 3 டிகிரி குறைந்ததுபோல் உடம்பு உணர்கிறது.

ஈரம் என்றால் எவ்வளவு? 30 டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 25 டிகிரிக்குக் குளிர்வித்து 55 சதவீத ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 12.5 கிராம், மீதியை இயந்திரம் தண்ணீராகப் பிழிந்து வெளியே விட வேண்டும். 10 அடிக்கு 12 அடி, 10 அடி உயரம் கொண்ட ஒரு படுக்கையறையின் கொள்ளளவு 34 கன மீட்டர். அந்த அறைக் காற்று ஒருமுறை வெளிக்காற்றாக மாறினால், பிழிய வேண்டிய தண்ணீர் கிட்டத்தட்ட 400 மில்லி. ஏ.சி.யின் வடிகுழாய்க்குக் கீழே வைத்த வாளி ஐப்பசி மழைநாளில் அவ்வளவு சீக்கிரம் நிரம்புவது இதனால்தான். இந்த நீராவியைத் தண்ணீராக்கச் செலவாகும் ஆற்றலையும், காற்றை 5 டிகிரி குளிர்விக்கச் செலவாகும் ஆற்றலையும் கணக்கிட்டுப் பார்த்தால், முன்னது பின்னதைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. நம் ஊரில் வெளிக்காற்று வீட்டுக்குள் கசிந்தால், ஏ.சி. குளிர்விப்பதைவிடப் பிழிவதற்கே அதிகம் உழைக்கிறது. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் தன் முதல் குளிர்சாதனத்தை அமைத்ததும் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுக்கத்தான். மனிதர்களின் சுகம் பின்னால் வந்த பயன்.

இனி டக்டைப் பார்ப்போம். தகடோ நுரைப்பலகையோ, குழாய் என்றால் இணைப்பு இருக்கும். இணைப்பு என்றால் கசிவு இருக்கும். அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம், சாதாரண வீடுகளின் டக்ட் அமைப்பில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் ஓட்டை, பிளவு, சரியாகப் பொருந்தாத மூட்டு ஆகியவற்றால் வீணாவதாகச் சொல்கிறது. பல தலைமுறையாக டக்ட் செய்து பழகிய நாட்டின் நிலை அது. நம் வீட்டில் அந்தக் குழாய் ஓடும் இடம் எது என்பதையும் யோசிக்க வேண்டும். வார்ப்புத் தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை அடிதான் மேல்மாடி வீட்டின் மிகச் சூடான இடம். 13, 14 டிகிரிக்குக் குளிர்வித்த காற்றை அதன் வழியாகவே அனுப்புகிறோம். மேலே சொன்ன 30 டிகிரி, 80 சதவீத ஈரக்காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளி விடத் தொடங்கிவிடும். குழாயைச் சுற்றிய காப்புறையில் கை நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல், டேப் விலகிய ஒரு மூட்டு போதும். குளிர்ந்த தகட்டின்மேல் தண்ணீர் கோர்த்து, ஜிப்சம் பலகையில் சொட்டுச் சொட்டாக இறங்கும். முதலில் தேநீர் நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். பிறகு காற்று வரும் கிரில்லைச் சுற்றி மிளகுப்பொடி தூவினதுபோல் கறுப்புப் புள்ளிகள் வரும். அது பூஞ்சை. சீலிங்கைப் பிரிக்காமல் அதன் மூலத்தை எட்ட முடியாது.

இருந்தாலும் டக்ட்தான் வேண்டும் என்பவர்கள் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று எப்படி ஓடுகிறது என்பது மாடிப்படிக் கணக்குக்கும் உதவும். குளிர்சாதனத்தில் ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று என்பது வழக்கமான கணக்கு. மூன்று டன் என்றால் 1,200 கன அடி. சத்தமில்லாமல் ஓட வேண்டுமானால் முதன்மைக் குழாயின் குறுக்குப்பரப்பு 1.7 சதுர அடி வேண்டும். வட்டக் குழாயானால் 18 அங்குல விட்டம். அவ்வளவு இடம் இல்லை என்று விட்டத்தைப் பாதியாக்கினால், அதே காற்றைத் தள்ள ஆகும் அழுத்தம் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஏறுவதில்லை. ஏறக்குறைய 32 மடங்கு ஏறுகிறது. உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் வரும் வினை இது. வடிவத்திலும் விலை உண்டு. ஒரே குறுக்குப்பரப்புக்கு, வட்டத்தைவிடச் சதுரத்தின் சுற்றளவு 13 சதவீதம் அதிகம்; உயரத்தைப் போல நான்கு மடங்கு அகலம் கொண்ட தட்டைக் குழாயில் 41 சதவீதம் அதிகம். சுற்றளவு கூடக்கூட உராய்வும் கூடும், வெப்பம் நுழையும் பரப்பும் கூடும். ஆனால் நம் வீடுகளில் இடம் மிச்சப்படுத்த ஓட்டுவது பெரும்பாலும் தட்டைக் குழாய்தான். ஃபிளெக்ஸிபிள் குழாயை இழுத்துக் கட்டாமல் தொய்யவிட்டால் உள்ளே மடிப்பு விழுந்து காற்றை மறிக்கும். அதைக் கடைசி ஐந்தாறு அடிக்கு மட்டுமே வைத்துக்கொள்ள வேண்டும். குளச்சல், மணக்குடி, கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சை அரிக்கும். காப்புறையோடு குழாய் தொங்க, 10 அடி உயர அறை எட்டரை அடியாகக் குறுகும். அதற்குப் பிறகு சீலிங் ஃபேனை எங்கே மாட்டுவது?

இதையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. வீடு முழுக்க டக்ட் ஓடினால் அது எப்போதும் மூடிய வீடு. ஒரு ஜன்னலைத் திறந்தால் அத்தனை அறைகளுக்கும் பிழிந்த உழைப்பு வீணாகிவிடும். அதனால் ஆடிக்காற்று வாசலில் நின்று கதவைத் தட்டும்போதும் உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். நாஞ்சில் நாட்டுக்கு இது பொருந்தாது என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் இதுதான். ஏனெனில் இந்த வட்டாரத்துக்குக் கிடைத்திருக்கும் காற்று வேறு ஊர்களுக்குக் கிடைக்காதது. மேற்குத்தொடர்ச்சி மலை தெற்கே முடியும் இடத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு புனல்போலத் திறந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்ட வழி தேடி அந்த இடைவெளியில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. அதையொட்டிய முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்பதும், இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்றாக அது வளர்ந்ததும் அதனால்தான். வைகாசி முதல் புரட்டாசி வரை மேற்கிலிருந்து காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து. இடைப்பட்ட மாதங்களில் பகலில் கடற்காற்று. கடற்கரைக்காரர்கள் கச்சான், வாடை, கொண்டல் என்று திசைக்கொரு பெயர் வைத்திருப்பது, எந்தக் காற்று எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிற ஊர் இது என்பதால்தான்.

இந்தக் காற்றின் பலத்தை எண்ணால் பார்க்கலாம். நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்பது மணிக்கு 11 கிலோமீட்டர். தென்னை ஓலை அசையும் அளவுக்கான மிதமான காற்று. அது ஒரு சுவரில் மோதும்போது உண்டாக்கும் அழுத்தம் ஏறக்குறைய 5 பாஸ்கல். இதோடு, சூடான காற்று தானாக மேலே ஏறும் புகைபோக்கி விளைவை ஒப்பிடுவோம். 4 மீட்டர் உயர வித்தியாசம், உள்ளுக்கும் வெளிக்கும் 2 டிகிரி வித்தியாசம் என்றால் கிடைப்பது 0.3 பாஸ்கல். மிதமான காற்றுகூட அதைப் போல் 17 மடங்கு. அக்கம்பக்கத்து வீடுகள் மறைத்து அதில் பாதிதான் நம் சுவரை எட்டுகிறது என்றாலும் எட்டு மடங்கு மிஞ்சும். உள்ளே நுழையும் காற்றின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அது புகைபோக்கி விளைவு தருவதைப் போல் மூன்று மடங்கு. புகைபோக்கி மாதிரி கோபுரம் கட்டினால் வீடு குளிரும் என்று வெளியூர் நூல்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு இழுவைவிசை காற்றிலிருந்தே கிடைக்கிறது. அதற்கு நுழைவாயிலும் வெளியேறும் வாயிலும் இருந்தால் போதும்.

அந்த வெளியேறும் வாயில்தான் மாடிப்படிக்கு மேலே மொட்டைமாடியில் நிற்கும் படிக்கூண்டு. காற்று ஒரு கட்டடத்தின்மேல் ஏறிக் கடக்கும்போது, காற்றுக்கு முதுகுகாட்டி நிற்கும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து உறிஞ்சும் தன்மை உண்டாகிறது. மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில் கூண்டின் கிழக்குச் சுவரில் ஒரு திறப்பு இருந்தால், அது கீழ்த்தளத்துக் காற்றைப் படி வழியாக மேலே இழுத்து வெளியே விடும். படி மூன்றடி அகலம், தலைக்கு மேல் ஏழடி இடைவெளி என்று வைத்தால், காற்று ஓடும் குறுக்குப்பரப்பு 21 சதுர அடி. மூன்று டன் இயந்திரத்தின் முதன்மை டக்டைப் போல் பன்னிரண்டு மடங்கு! உராய்வு பற்றிய கவலையே இல்லை. துருப் பிடிக்காது, சொட்டாது, யார் வேண்டுமானாலும் துடைப்பம் எடுத்துப் பெருக்கலாம். செய்ய வேண்டியது, கூண்டைக் கண்ணாடியால் அடைத்து வெயில் பொறியாக்காமல், கிழக்கிலும் மேற்கிலும் சாய்ந்த சட்டங்கள் வைத்த திறப்பு பத்துப் பன்னிரண்டு சதுர அடிக்கு வைப்பது. உள்பக்கம் கொசுவலையும் மூடும் பலகையும் இருக்கட்டும். காற்று வரும் பக்கத்தைச் சாத்தி, எதிர்ப்பக்கத்தைத் திறக்க வேண்டும். காற்றின் திசை மாறும் ஐப்பசியில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தடவை கை வைக்கிற வேலை.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பதைத் தக்கலைக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 1601-இல் தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா காலத்தில் விரிவாக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை, 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த ஊரில் நிற்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. மந்திரசாலையில் அரசர் அமைச்சர்களோடு அமர்ந்த இடத்தைச் சுற்றி, மரச்சட்டங்களைக் கீழ்நோக்கிச் சாய்த்து வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு சட்டம் மழைச்சாரலை வெளியே வடியவிடும், நேர்வெயிலை மறிக்கும், தெருவிலிருந்து உள்ளே பார்க்கவிடாது. உள்ளே இருப்பவருக்கோ கீழே தெரு தெரியும். இரண்டு சட்டங்களுக்கு இடைப்பட்ட அந்த நாலைந்து விரல் இடைவெளியில் காற்று மட்டும் தடையில்லாமல் வரும். மேலே செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரை. அதற்கும் மரத்தட்டுக்கும் நடுவே தேங்கும் சூடான காற்று முகப்புக் கிராதி வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் போய்விடும். தாய்க்கொட்டாரத்தில் நடுமுற்றம். தேக்கும் ராஜ்யமும் இருந்தவர்கள் கட்டியது, ஐந்து சென்ட் மனைக்காரருக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். மரம் பொருந்தாதுதான். சட்டத்தின் சாய்வு பொருந்தும். அதைச் சிமென்டிலும் அலுமினியத்திலும் செய்ய முடியும். நாஞ்சில் நாட்டு ஓட்டு வீடுகளில் படிப்புரையில் நின்றால் பட்டாசாலை, இரண்டாம்கட்டு, அடுக்களை கடந்து புறவாசல் தெரியும்படி கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருந்ததும் இதே அறிவுதான். அந்த நேர்கோடுதான் அந்த வீட்டின் டக்ட்.

இன்றைய வரைபடங்களில் அந்தப் பாதை மூன்று இடங்களில் அடைபடுகிறது. முதலாவது ஜன்னல். இரண்டு பலகை ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு அகலமானாலும் பாதிதான் திறக்கும். கொண்டி போட்டு வெளியே திறக்கும் பழைய வகை 90 சதவீதம் திறக்கும். பி.இ.இ. எனப்படும் ஆற்றல் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு, நம் மாவட்டம் அடங்கும் வெப்ப ஈர மண்டலத்தில் தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 1,000 சதுர அடிக்கு 167 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னலில் அதை எட்ட, ஜன்னலின் மொத்தப் பரப்பு 330 சதுர அடிக்கு மேல் போக வேண்டும். யாரும் அப்படி வைப்பதில்லை. இரண்டாவது, படுக்கையறைக் கதவு. இரவில் அதைச் சாத்தியதும் ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறையில் காற்றுக்கு வெளியேற வழியில்லை. பழைய வீடுகளில் கதவுக்கு மேலே வெண்டிலேட்டர் வைத்தது அதற்காகத்தான், ஏ.சி. வந்ததும் முதலில் பூசி அடைத்தது அதைத்தான். மூடித் திறக்கும் ஒரு பலகையோடு அதைத் திரும்ப வைத்தால் இரண்டு தேவைக்கும் ஆகும். மூன்றாவது, நாம் மறந்துவிட்ட ஒரு சங்கடம்: காற்று வரும் மேற்குதான் பிற்பகல் வெயிலும் சாரலும் வரும் திசை. அதனால்தான் மேற்குச் சுவரை முழுக்க அடைத்துவிடுகிறார்கள். ஆழமான சன்ஷேடும் சாய்சட்டமும் செங்கல் ஜாலியும் இருந்தால் வெயிலை மறித்துக் காற்றை விடலாம். கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் எளியவர் வீடுகளிலும் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்.

காற்று எவ்வளவு வந்தாலும் மேலே அடுப்பு எரிந்தால் பயன் இல்லை. நிலநடுக்கோட்டுக்கு 8 டிகிரி வடக்கே இருக்கும் ஊருக்குச் சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நேர் உச்சியில் நிற்கிறது. ஆண்டு முழுக்க அதிக வெயில் வாங்குவது மொட்டைமாடிதான். வெறும் வார்ப்பின் மேற்பரப்பு பிற்பகலில் 55 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கீழே அறை 30 டிகிரி என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 100 வாட் அளவில் வெப்பம் இறங்கும். 1,000 சதுர அடிக் கூரைக்கு அது சுமார் 9 கிலோவாட். ஒரு டன் குளிர்சாதனம் நீக்குவது மூன்றரை கிலோவாட் என்பதால், கூரை மட்டுமே இரண்டரை டன்னைத் தின்றுவிடும். அதுவும் உடனே இறங்குவதில்லை. கான்கிரீட் சூட்டை வாங்கி வைத்து, விளக்கு வைத்த பிறகு மெல்ல இறக்கும். ராத்திரி எட்டு மணிக்கு ஃபேன் சூட்டுக்காற்று தள்ளுகிறது என்று குறைபடுகிறோமே, அந்தச் சூடு கூரையிலிருந்து வருவது. கூரையின் வெப்பக் கடத்தல் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 1.2 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அதே ஈகோ நிவாஸ் சம்ஹிதா. அதற்கேற்ற காப்பு அடுக்கு போட்டு, மேலே வெள்ளை ஓடு பதித்துப் பரப்பை 40 டிகிரிக்குள் வைத்தால், அந்த 9 கிலோவாட் ஒன்றேகால் கிலோவாட்டுக்குள் வந்துவிடும். மூன்று டன் டக்ட் இயந்திரத்துக்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை இங்கே போட்டால், அந்த மூன்று டன்னின் தேவையே மறைந்துபோகும்.

எதிர்வாதங்களில் வலுவானது இது: ஊர் மாறிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். 2019-இல் நாகர்கோவில் மாநகராட்சியும் ஆகிவிட்டது. சுவரோடு சுவர் முட்டும் வீடுகளில் காற்று எங்கே? இரவுகள் முன்போல் குளிர்வதும் இல்லை. இதில் உண்மை இருக்கிறது. கீழ்த்தளத்து ஜன்னல் முடுக்குக்குள் மூச்சுத் திணறும் வீடுகள் பெருகிவிட்டன. ஆனால் நெருக்கம் தரைமட்டத்தில்தான். படிக்கூண்டின் தலை எல்லாக் கூரைகளுக்கும் மேலே காற்றில் நிற்கிறது. கீழே நுழைவு பலவீனமாகும்போது மேலே இழுவையின் மதிப்பு கூடுகிறது. பங்குனி, சித்திரையில் காற்று ஓய்ந்து புழுங்கும் வாரங்களும் உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே உள்ள வீட்டுக்குத் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று கிடைக்காது. அந்த வாரங்களுக்கும் அந்த இடங்களுக்கும் ஏ.சி. வேண்டும் என்பதை மறுக்கவில்லை. சில வாரங்களின் தேவைக்கு வீட்டை ஆண்டு முழுக்க மூடிவைக்கும் அமைப்பு வேண்டுமா என்பதுதான் கேள்வி. நம் உடம்பு எதற்கு இணங்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பதில்களைத் திரட்டி ஆராய்ந்தது. வெளியே சராசரி 28 டிகிரி இருக்கும் பருவத்தில், ஜன்னல் திறந்த கட்டடத்தில் உள்ளவர்களுக்கு 28 டிகிரியே ஏற்றதாக இருக்கிறது, அதிலிருந்து 2.4 டிகிரி ஏறினாலும் பத்தில் ஒன்பது பேர் தாங்கிக்கொள்கிறார்கள் என்பது அதன் கணக்கு. கூரைச் சூடு நீங்கிய நாஞ்சில் நாட்டு வீடு ஆண்டின் பெரும்பகுதியில் இந்த எல்லைக்குள் இருக்கும்.

டக்ட் இருந்தால் புதுக்காற்று வரும், ஸ்பிளிட் ஏ.சி. அறைக்காற்றையே சுற்றுகிறது என்று இன்னொரு வாதம். பின்பாதி சரி. காற்றுக் கசிவே இல்லாத நம் 34 கன மீட்டர் அறையில் இரண்டு பேர் எட்டு மணி நேரம் தூங்கினால், கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு என்ற வெளி அளவிலிருந்து 6,000 பங்கைத் தாண்டிவிடும். கதவிடுக்குக் கசிவால்தான் நிஜத்தில் அவ்வளவு ஏறுவதில்லை. முன்பாதி பெரும்பாலும் தவறு. வீடுகளில் போடும் டக்ட் இயந்திரங்களும் பொதுவாக வீட்டுக்காற்றையே திரும்ப இழுத்துச் சுற்றுகின்றன. தனியாகப் புதுக்காற்றுக் குழாய் வைத்தால்தான் வெளிக்காற்று வரும். அதே வேலையை அறைச் சுவரில் ஒரு சிறிய எக்ஸ்ஹாஸ்ட் செய்துவிடும். மண்ணுக்கடியில் குழாய் புதைத்துக் காற்றைக் குளிர்விக்கலாம் என்ற யோசனையும் காதில் விழுகிறது. ராஜஸ்தான் பாலைக்கு அது நல்லது. இங்கே ஆழ மண்ணின் வெப்பம் ஆண்டுச் சராசரியை ஒட்டி 27, 28 டிகிரியில் இருக்கும். வெளிக்காற்றுக்கும் அதற்கும் வித்தியாசம் மிகக் குறைவு. ஈரம் மட்டும் குழாய்க்குள் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தண்ணீர்க் கூலரும் அதே காரணத்தால் நமக்கு ஆகாது. ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் ஈரம் சேர்ப்பது அது.

திருடன், கொசு, மழை. இந்த மூன்றையும் நினைத்துத்தான் பலர் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. கம்பி அழியும் வலையும் ஜன்னலோடு சேர்ந்தே வரைபடத்தில் இடம்பெற வேண்டும். வலை காற்றின் ஒரு பகுதியை மறிக்கும் என்பதால் திறப்பை அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். வயதானவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டில், புழுக்கம் உடம்பைப் பாதிக்கும் என்றால் ஏ.சி. ஆடம்பரமே இல்லை. அவர்கள் படுக்கும் அறையை நன்றாகச் சாத்தும்படி கட்டி, ஒன்று அல்லது ஒன்றரை டன் ஸ்பிளிட்டை 27 டிகிரியில் வைத்து, கூடவே ஃபேனைச் சுழலவிட்டால் போதும். வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்சாரம் 6 சதவீதம் மிச்சம் என்று பி.இ.இ. சொல்கிறது. வீட்டின் மற்றப் பகுதி திறந்தே இருக்கட்டும். டக்டுக்கு உரிய இடம் கல்யாண மண்டபம், மருத்துவமனை, துணிக்கடை. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூரையின்கீழ் கூடும் இடங்கள்.

வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், மனையின் நடுவில் ஓர் உயரமான கம்பு நட்டு, நுனியில் ஒரு முழம் துணி கட்டுங்கள். ஆனியில் ஒரு வாரம், ஐப்பசியில் ஒரு வாரம், காலையிலும் மாலையிலும் அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை இன்ஜினீயரிடம் கொடுத்து, படிக்கூண்டின் திறப்பை எந்தச் சுவரில் வைக்கலாம் என்று கேளுங்கள்.